பழைய 1.8 டர்போவில் போகாமல் நிற்கும் பி0302: அடுத்த காயில் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

காயில் (பிளக்குக்குத் தீப்பொறி வோல்டேஜ் தருவது) மாற்றியாச்சு, பிளக் மாற்றியாச்சு, ஸ்கேனரில் எரர் கோடை அழித்தாச்சு. ரெண்டு நாள் நன்றாக ஓடும். மூன்றாவது நாள் மேம்பாலம் ஏறும்போது வண்டி ஒரு உதறு உதறும், டேஷ்போர்டில் செக் எஞ்சின் லைட் கண் சிமிட்டும், மறுபடி அதே பி0302 கோடு. பழைய டர்போ பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கதை தெரியும், அதில் பாதிப் பேர் தேவையில்லாமல் ரெண்டு மூன்று காயில் வாங்கியிருப்பார்கள்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது வோக்ஸ்வாகன் குழுமத்தின் 1.8 டர்போ, 1781 சிசி, சிலிண்டருக்கு 5 வால்வு வீதம் 20 வால்வு எஞ்சின். 1990களின் நடுவில் வந்து அடுத்த பத்து வருடம் ஆடி ஏ4, ஆடி டிடி, பஸாட், கோல்ஃப், ஜெட்டா என்று எல்லாவற்றிலும் உட்கார்ந்தது. நம் ஊரில் இதே எஞ்சின் 150 பிஎஸ் அளவில் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்ஸில் வந்தது. வேறு டர்போ வண்டி வைத்திருந்தாலும் சோதனை முறை இதேதான், அளவுகளை மட்டும் உங்கள் வண்டியின் மேனுவலில் பாருங்கள்.

முதலில் கோடு என்ன சொல்கிறது என்று பாருங்கள்

பி0302 என்றால் ‘இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர்’, அதாவது அந்த சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை, அவ்வளவுதான். காயில் போச்சு என்று அந்தக் கோடு எங்கேயும் சொல்லவில்லை. இசியு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், காயிலைப் பார்த்து இதை முடிவு செய்வதே இல்லை. கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சென்சார் வழியாக ஃப்ளைவீல் பக்கமுள்ள பல்சக்கரம் எவ்வளவு சீராகச் சுற்றுகிறது என்று கவனிக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது கிராங்க் கொஞ்சம் வேகம் எடுக்க வேண்டும். இரண்டாவதன் முறை வரும்போது அந்த உந்துதல் இல்லையென்றால் அதை எண்ணி வைத்துக்கொண்டு, எண்ணிக்கை ஏறியதும் லைட் போடுகிறது. தீப்பொறி வராவிட்டாலும், பெட்ரோல் வராவிட்டாலும், கம்ப்ரஷன் இல்லாவிட்டாலும் கிராங்குக்கு எல்லாம் ஒன்றுதான்.

ஆனால் பி0351 முதல் பி0354 வரையோ, இந்தக் குழுமத்துக்கே உரிய பி1355, பி1358, பி1361, பி1364 போன்றவையோ வந்தால் கதை வேறு. அவை காயிலின் மின்சுற்றையே குறிக்கின்றன. அந்தக் கோடுகளோடு மிஸ்ஃபயர் கோடும் சேர்ந்து வந்தால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு நேராக வயரிங் பகுதிக்குப் போய்விடலாம். பி0300 மட்டும் தனியாக வந்தால், அதாவது எந்த சிலிண்டர் என்று சொல்லாமல் பொதுவாக வந்தால், நான்குக்கும் பொதுவான ஒன்றைத்தான் தேட வேண்டும்: ஏர் லீக், பெட்ரோல் பிரஷர், நான்கு காயிலுக்கும் சேர்ந்த எர்த், கிராங்க் சென்சார்.

லைட் நிலையாக எரிந்தால் மெதுவாக வீட்டுக்கு ஓட்டிப் போகலாம். கண் சிமிட்டினால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் எரிகிறது என்று அர்த்தம், அதை மாற்றும் செலவில் ஒரு டஜன் காயில் வாங்கிவிடலாம்.

டர்போவில் மட்டும் ஏன் இந்தத் தொல்லை அதிகம்

ஐடிலிங்கில் எஞ்சின் பட்டுப்போல நிற்கும், ஆக்சிலரேட்டரை அழுத்தினால்தான் மிஸ் அடிக்கும். காரணம் எளிது. பிளக் முனையில் உள்ள இடைவெளியைத் தீப்பொறி தாண்ட எவ்வளவு வோல்டேஜ் வேண்டும் என்பது அங்கே காற்று எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. டர்போ காற்றை அமுக்கி அனுப்பும்போது அந்தத் தேவை ஏறுகிறது. நல்ல காயில், நல்ல எர்த், சரியான இடைவெளி இருந்தால் தாண்டும். இதில் ஒன்று கொஞ்சம் பலவீனமாக இருந்தாலும் தீப்பொறி சுலபமான வேறு வழியைத் தேடும், பிளக்கின் பீங்கான் மேலேயே ஓடி சிலிண்டர் ஹெட்டுக்குப் போய்விடும். அதனால், மெக்கானிக் ஷெட்டில் நிறுத்தி வைத்து ஐடிலிங்கில் பார்த்துவிட்டு ‘சார் வண்டி நல்லாத்தான் இருக்கு’ என்று சொன்னால் அதற்கு மதிப்பில்லை. லோடு கொடுத்துப் பார்க்க வேண்டும்.

அழிக்காதீர்கள், முதலில் படியுங்கள்

ஸ்கேனர் மாட்டியதும் கை பழக்கத்தில் ‘அழி’ பொத்தானுக்குப் போகும். வேண்டாம். எல்லாக் கோடுகளையும் எழுதிவையுங்கள், ஃப்ரீஸ் ஃபிரேம் (கோடு விழுந்த நொடியின் பதிவு) கிடைத்தால் அதில் ஆர்பிஎம், லோடு, கூலன்ட் சூடு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த எஞ்சினில் ஐடிலிங்கில் வந்த மிஸ்ஃபயரும் 3500 ஆர்பிஎம்மில் முழு லோடில் வந்த மிஸ்ஃபயரும் ஒரே வியாதி இல்லை.

சாதாரண புளூடூத் ஓபிடி கருவி கோடு படிக்கப் போதும். ஆனால் இந்த எஞ்சினுக்கு விசிடிஎஸ் அல்லது அதுபோல மெஷரிங் பிளாக் காட்டும் மென்பொருள் இருந்தால் பாதி வேலை மிச்சம். பிளாக் 014-இல் மொத்த மிஸ்ஃபயர் எண்ணிக்கை, 015-இல் முதல் மூன்று சிலிண்டர்கள் தனித்தனியாக, 016-இல் நான்காவது. கோடு விழும்வரை காத்திருக்காமல், எண் ஏறுவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். 032-இல் பெட்ரோல் கலவையை இசியு எவ்வளவு திருத்திக்கொண்டிருக்கிறது என்று தெரியும், அதையும் இப்போதே குறித்துவையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இடம் மாற்றும் சோதனை

இதற்குக் காசு ஒரு பைசா செலவில்லை, ஆனால் நிறைய இடங்களில் செய்வதே இல்லை.

சிலிண்டர் எண்ணிக்கை டைமிங் பெல்ட் பக்கத்திலிருந்து தொடங்கும். ஆக்டேவியா, கோல்ஃப் மாதிரி எஞ்சின் குறுக்காக இருக்கும் வண்டியில், நம் ஊர் வலதுபக்க ஸ்டியரிங்கில், டிரைவர் பக்கம் இருப்பது ஒன்றாவது. பஸாட், ஏ4-இல் ரேடியேட்டர் பக்கம் இருப்பது ஒன்றாவது. சிரிக்காதீர்கள், தப்பான பக்கத்திலிருந்து எண்ணி நல்ல காயிலைக் கழற்றிப் போடுவது ஷெட்டுகளில் நடக்கிற விஷயம்தான்.

எஞ்சின் நன்றாக ஆறட்டும், அலுமினிய ஹெட்டில் சூடாக இருக்கும்போது பிளக் கழற்றினால் மரை போகும். காயில் கப்ளரின் (வயர் மாட்டும் சொருகியின்) பூட்டு இருபது வருட சூட்டில் உளுத்திருக்கும், ஸ்க்ரூ டிரைவர் போட்டு நெம்பாமல் விரலால் அழுத்திக்கொண்டு இழுங்கள். இப்போது இரண்டாவது சிலிண்டரின் காயிலை மூன்றாவதுக்கும், இரண்டாவதின் பிளக்கை நான்காவதுக்கும் மாற்றுங்கள். அங்கே இருந்தவை இரண்டாவதுக்கு வரட்டும். கோடை அழித்துவிட்டு, எஞ்சின் முழுச் சூடு ஏறும்வரை ஓட்டி, ஏற்றத்திலோ ஆளில்லாத ரோட்டிலோ லோடு கொடுங்கள்.

மிஸ்ஃபயர் மூன்றாவதுக்குப் போனால் காயில். நான்காவதுக்குப் போனால் பிளக். இரண்டாவதிலேயே உட்கார்ந்திருந்தால் காயிலும் பிளக்கும் நிரபராதி, வயரிங், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் இந்த மூன்றில் ஒன்று.

நான்காவதாக ஒரு சாத்தியம் இருக்கிறது, அதுதான் எல்லோரையும் ஏமாற்றுவது: எங்கேயுமே மிஸ்ஃபயர் இல்லாமல் வண்டி சும்மா ஜம்மென்று ஓடும். பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில், கப்ளரைக் கழற்றி மாட்டியதில் உள்ளே தொட்டும் தொடாமலும் இருந்த கம்பி தற்காலிகமாக ஒட்டிக்கொண்டிருக்கும். காயில் மாற்றியதும் ரெண்டு நாள் நன்றாக ஓடி மறுபடி வந்ததற்கும் இதே விளக்கம் பொருந்தும். சரியானது புதுக் காயிலால் அல்ல, கை பட்டதால்.

பிளக்கையும் அது உட்காரும் குழியையும் பார்க்கும்போது

கையில் எடுத்த பிளக்கை வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் இழுத்த மாதிரி மெல்லிய கருப்புக் கோடு இருந்தால் தீப்பொறி வெளியே ஓடியிருக்கிறது. அந்தக் கோட்டுக்கு நேரே காயிலின் ரப்பர் உறைக்குள்ளும் ஒரு தடம் இருக்கும். பிளக்கை மட்டும் மாற்றினால் அந்த ரப்பர் தடம் புதுப் பிளக்கையும் கெடுக்கும், ரெண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

குழிக்குள் எண்ணெய் இருந்தால் வால்வ் கவர் கேஸ்கெட் கசிகிறது. எண்ணெய் ரப்பரை ஊதவைக்கும், காயில் மெல்ல மேலே எழும்பும். தண்ணீர் இருந்தால் வாட்டர் வாஷ்காரருக்கு நன்றி சொல்லுங்கள், பானெட்டுக்குள் பிரஷர் கன் விடவேண்டாம் என்று அடுத்த முறை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இந்த எஞ்சினுக்குக் கம்பெனி போட்டது என்ஜிகே பிஎஃப்ஆர்6க்யூ வகை பிளாட்டினம் பிளக், இடைவெளி 0.8 மி.மீ. இசியு ரீமேப் செய்து பூஸ்ட் ஏற்றிய வண்டியில் 0.7 பக்கம் குறைப்பார்கள். ஃபீலர் கேஜ் வைத்து அளக்கும்போது நடு முனையில் பலம் கொடுக்காதீர்கள், பிளாட்டினம் தலை பெயர்ந்துவிடும். திரும்ப முறுக்குவது 30 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாமல் ‘கை அளவு’ என்று முறுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை, ஹெட் மரை ஒரு முறை போனால் லேத்துக்கு அலைய வேண்டியதுதான்.

வயரிங்: பெரும்பாலும் திருடன் ஒளிந்திருப்பது இங்கேதான்

இந்த எஞ்சினுக்குக் காயில் கெட்ட பெயர் சும்மா வரவில்லை. 2003 தொடக்கத்தில் அமெரிக்காவில் வோக்ஸ்வாகனே முன்வந்து லட்சக்கணக்கான வண்டிகளுக்குக் காயில் மாற்றிக் கொடுத்தது. அன்றிலிருந்து 1.8 டர்போ மிஸ் அடித்தால் எல்லோரும் காயிலைத்தான் கையில் எடுக்கிறார்கள். அந்தக் காலத்துப் பிரச்சினை அது. வண்டிக்கு இப்போது இருபது வயது, இன்றைக்கு அதே அறிகுறிக்கு வேறு காரணமும் இருக்கிறது: எஞ்சின் தலைக்கு மேலேயே ஓடும் காயில் வயர்களின் உறை சூட்டில் வெந்து போயிருக்கும்.

கப்ளரிலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு மேலே சுற்றியிருக்கும் துணி டேப்பை மெதுவாகப் பிரியுங்கள். வயரை லேசாக வளைத்துப் பாருங்கள். நல்ல வயர் ரப்பராக வளையும். வெந்த வயரின் உறை அப்பளம் போல நொறுங்கி விழும், உள்ளே செம்புக் கம்பி தெரியும், பக்கத்து வயரின் செம்பும் தெரியும். வண்டி நிற்கும்போது ரெண்டும் தொடாது, பூஸ்டில் எஞ்சின் பின்னால் சாயும்போது தொடும்.

கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் அளந்து பாருங்கள். பவர் ஸ்டேஜ் (காயிலை ஆன்-ஆஃப் செய்யும் மின்னணுப் பகுதி) காயிலுக்குள்ளேயே இருக்கும் நான்கு பின் காயில்தான் இவற்றில் அதிகம். (1990களில் முதலில் வந்த எஞ்சின்களில் பவர் ஸ்டேஜ் தனிப் பெட்டி, அவற்றில் பின்களின் அமைப்பு வேறு.) நான்கு பின் கப்ளரில் 1 பவர், 2-உம் 4-உம் எர்த், 3 இசியுவிலிருந்து வரும் சிக்னல். சாவி ஆன், எஞ்சின் ஆஃப். மல்டிமீட்டரில் 1-க்கும் 2-க்கும் நடுவே, அப்புறம் 1-க்கும் 4-க்கும் நடுவே பேட்டரி வோல்டேஜ் வர வேண்டும்.

வந்துவிட்டது என்று அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். மல்டிமீட்டர் கரண்ட் இழுக்காது, இருபது இழையில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் மிச்சமிருந்தாலும் 12 வோல்ட் காட்டிவிட்டுப் போகும். அதனால் பின் இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு ஒன்றில் ரெண்டு வயர் வைத்து, அதே 1-2, 1-4 பின்களில் கொடுங்கள். பல்பு கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் இழுக்கும். நான்கு கப்ளரிலும் ஒரே பிரகாசத்தில் எரிய வேண்டும். இரண்டாவதில் மங்கலாக எரிந்தால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். எரிந்துகொண்டிருக்கும்போதே வயரைக் கப்ளரிலிருந்து பின்னோக்கி விரலால் அசைத்துக்கொண்டே போங்கள், எந்த இடத்தில் பல்பு துடிக்கிறதோ அங்கேதான் கோளாறு. பின்னின் வாயை மல்டிமீட்டர் முனையைக் குத்தி விரிக்காதீர்கள், அதுவே புதுக் கோளாறாகிவிடும், மெல்லிய முனை வைத்த டெர்மினல் இருந்தால் நல்லது.

அடுத்து எர்த். காயில் எர்த் வயர்களில் ஒன்று எஞ்சின் தலைமேலேயே ஒரு ஸ்டட்டில் முறுக்கப்பட்டிருக்கும். கேஸ்கெட் மாற்றிய யாரோ அதை அரைகுறையாக முறுக்கிவிட்டுப் போயிருப்பார்கள், இல்லையென்றால் அடியில் எண்ணெயும் துருவும் சேர்ந்திருக்கும். எஞ்சினை ஓடவிட்டு, கப்ளரின் பின்பக்கமாக எர்த் வயரில் மெல்லிய ஊசி வைத்து, அங்கிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு வோல்டேஜ் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் கழற்றி, உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கி, திரும்ப இறுக்குங்கள்.

கடைசியாக சிக்னல். 2-க்கும் 3-க்கும் நடுவே எல்இடி டெஸ்ட் லைட் வைத்து ஸ்டார்ட்டர் அடித்தால் எல்இடி மினுக்க வேண்டும். இங்கே சாதாரண பல்பு போடவே கூடாது, இசியுவின் அவுட்புட் அந்த லோடைத் தாங்காது. அடிக்கும் முன் ஃபியூயல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிடுங்கள்.

சரிசெய்யும்போது வெந்த பகுதியை முழுக்க வெட்டிப் போட்டுவிட்டு, முனை ஏற்கெனவே கிரிம்ப் செய்து வரும் ரிப்பேர் வயரை நல்ல கிரிம்ப் இணைப்பால் சேர்த்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். சூடு தாங்கும் ஆட்டோமோட்டிவ் வயர்தான் வேண்டும், வீட்டு வயரிங்கில் மிஞ்சியது ஆகாது. ஹார்டுவேர் கடை கருப்பு டேப் டர்போ சூட்டில் கோந்தாக உருகிவிடும். நான்கு வயரிலும் ஒரே வயசுதான் என்பதால் இரண்டாவதை மட்டும் செய்யாமல் நான்கு கப்ளரையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

வயரிங்கும் சரி என்றால்

இன்ஜெக்டரை 2-க்கும் 1-க்கும் இடம் மாற்றி அதே விளையாட்டை ஆடுங்கள். கழற்றும் முன் ஓம் பார்த்துவிடுங்கள், 12 முதல் 17 ஓமுக்குள் இருக்கும், நான்கும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதுதான் முக்கியம். ஓ-ரிங் புதிது போடுங்கள், பழசைத் திரும்பப் போட்டால் பெட்ரோல் கசியும், அதே எஞ்சினில் சூடான டர்போ இருக்கிறது, விளையாட வேண்டாம்.

முன்பு குறித்துவைத்த 032 இப்போது உதவும். ஐடிலிங் திருத்தம் பிளஸ் பக்கம் ஏறி நின்றால் அளக்கப்படாத காற்று எங்கிருந்தோ உள்ளே போகிறது. இந்த எஞ்சினில் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் போகும் ரப்பர் குழாய்களும் செக் வால்வுகளும் கைக்கும் எட்டாது கண்ணுக்கும் எட்டாது, வெடித்திருந்தால் தெரியவே தெரியாது. ஸ்மோக் டெஸ்ட் செய்யும் ஷெட் இருந்தால் அங்கே போங்கள். கார்புரேட்டர் கிளீனரைச் சூடான எஞ்சின் மேல் அடித்துப் பார்க்கும் பழக்கத்தை டர்போ வண்டியில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பி0300-ஆக அலைந்துகொண்டிருந்தால் பெட்ரோல் பிரஷரையும் பாருங்கள்: ஐடிலிங்கில் சுமார் 2.5 பார், ரெகுலேட்டரின் வாக்யூம் குழாயைக் கழற்றினால் சுமார் 3 பார்.

அதற்கும் அப்புறம் கம்ப்ரஷன். எஞ்சின் சூடாக ஓடி நின்ற பிறகு, பிளக் கையாளும் அளவுக்கு ஆறவிட்டு, நான்கு பிளக்கும் வெளியே, காயில் கப்ளர்கள் கழற்றி, ஃபியூயல் பம்ப் ஃபியூஸ் பிடுங்கி, ஆக்சிலரேட்டர் முழுக்க அழுத்தி அடிக்க வேண்டும். புதிதில் 9 முதல் 14 பார், தேய்மான எல்லை 7, சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 3 பாரைத் தாண்டக் கூடாது. இரண்டாவது மட்டும் குறைவு என்றால் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அடியுங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். அந்த நிலையில் இது இக்னிஷன் வேலை இல்லை, எஞ்சின் வேலை.

இசியு போச்சு என்று சொல்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சிக்னல் பின்னில் எல்இடி வைத்துப் பார்த்தீர்களா? இசியு பின்னிலிருந்து கப்ளர் வரை வயர் தொடர்ச்சியாக இருந்து, எங்கேயும் ஷார்ட் இல்லாமல், எல்இடி மட்டும் மினுக்கவில்லை என்றால்தான் இசியு பற்றிப் பேசலாம். அரிதாக நடக்கும், ஆனால் கடைசியில்தான்.

காயில் வாங்கியே ஆக வேண்டும் என்றால்

இடம் மாற்றிப் பார்த்ததில் காயில்தான் என்று உறுதியானால், நான்கும் ஒரே வயசாக இருக்கும் பட்சத்தில் நான்கையும் மாற்றுவேன், ஓடுகிற மூன்றில் நல்லது ஒன்றை டிக்கியில் போட்டு வைப்பேன். ஆர்8 வண்டியின் சிவப்புத் தலைக் காயில் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. நல்ல காயில்தான், உட்கார சின்ன அடாப்டர் வேண்டும். ஆனால் வெந்த வயரில் எந்தக் காயிலைச் சொருகினாலும் அது ரெண்டு நாள் கூத்துதான். நம்ப முடியாத விலைக்கு வரும் ‘ஒரிஜினல்’ பெட்டிகளில் போலி நிறைய உண்டு, விலைப் பட்டியல் தெரிந்த கடையில் பில்லோடு வாங்குங்கள்.

முடிந்ததா என்று எப்படித் தெரியும்

கோடை அழியுங்கள். முழுச் சூட்டில் ஐடிலிங்கில் 015, 016 இரண்டிலும் பூஜ்யம் நிற்க வேண்டும். அப்புறம் காலியான ரோட்டில் மூன்றாவது கியரில் 2000-லிருந்து 5000 ஆர்பிஎம் வரை முழு ஆக்சிலரேட்டரில் ஒரு இழுப்பு, லேப்டாப்பைப் பக்கத்து சீட்டில் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும், ஓட்டுபவர் பார்க்க வேண்டாம். மறுநாள் காலை குளிர்ந்த எஞ்சினில் ஒரு முறை, ஏசி போட்டு டிராஃபிக்கில் ஒரு முறை.

நீங்கள் அழிக்காமல் விட்டாலும், மிஸ்ஃபயர் இல்லாத மூன்று டிரைவ் சைக்கிள் தொடர்ந்து கிடைத்தால் லைட் தானே அணையும், நினைவில் இருக்கும் கோடு போக 40 வார்ம்-அப் சைக்கிள் ஆகும். அதனால் லைட் அணைந்ததை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், ஒரு வாரம் ஓட்டிய பிறகு ஸ்கேனரை மாட்டி பென்டிங் கோடு (லைட் போடும் அளவுக்கு இன்னும் உறுதியாகாதது) ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் லைட் எரியும்வரை காத்திருக்காமல், அது எந்த சிலிண்டர் என்று பார்த்து அந்தக் கப்ளரிலிருந்தே பல்பு சோதனையைத் திரும்பத் தொடங்குங்கள்.